உக்கிராணத்துச் சாவி

கல்யாண வீட்டை முதல் நாள் இரவு பார்த்தவர்களுக்குத் தெரியும், பந்தலில் எத்தனை விளக்குகள் எரிந்தாலும், நாதஸ்வரம் எவ்வளவு இனிமையாக ஒலித்தாலும், அந்த வீட்டின் உயிர்நாடி துடித்துக்கொண்டிருப்பது கொல்லைப்புறத்துக் கோட்டை அடுப்புக்கும், அரிசி, பருப்பு, நெய், காய்கறிகளைப் பூட்டிவைத்திருக்கும் உக்கிராண அறைக்கும் இடையே உள்ள பத்தடி தூரத்தில்தான் என்பது. சமையலுக்கு வந்திருப்பவர்கள் எவ்வளவு கைதேர்ந்தவர்களாயினும், மாப்பிள்ளை வீட்டார் எத்தனை பேர் வருகிறார்கள், காலைப் பலகாரத்துக்கு எத்தனை இலை விழும், சர்க்கரை ஆகாத சம்பந்திக்குப் பாயசத்துக்குப் பதிலாக என்ன செய்வது என்பவற்றையெல்லாம் அவர்களாக ஊகித்துக்கொள்ள இயலாது. ஆகையால் பழைய குடும்பங்களில் விவரமறிந்த ஒரு சித்தப்பாவையோ அத்தையையோ உக்கிராணத்துக்கென்றே நியமித்து, சாவியை அவர் கையில் கொடுத்துவிடுவார்கள். அன்றிரவு அவருக்கு உறக்கம் கிடையாது. சமையற்காரர் வந்து கேட்கும்போதெல்லாம், "இருநூறு இலைக்கு மேல் போகாது", "நெய் இன்னும் ஒரு டின் எடுத்துக்கொள்ளுங்கள்", "வெங்காயம் வேண்டாம், நாளைக்கு விரதக்காரர்கள் இருக்கிறார்கள்" என்று உடனுக்குடன் விடை சொல்லுவார். கரண்டியை அவர் தொடுவதில்லை; ஆயினும் விருந்து ருசித்ததென்றால் அதில் சரிபாதிப் பெருமை அவரைச் சேர்ந்தது.

தமக்கென்று ஒரு மென்பொருளைச் செய்துதரும்படி சாஃப்ட்வேர் கம்பெனியை அணுகுகிறவர்கள், முன்போல வங்கிகளும் அரசாங்க இலாகாக்களும் மட்டுமே என்ற நிலை இன்று மாறிவிட்டது. மொத்த வியாபாரியும், பள்ளிக்கூடத் தாளாளரும், மருத்துவமனை நடத்துகிறவரும், கூட்டுறவுச் சங்கச் செயலாளரும் இப்போது அந்த வரிசையில் நிற்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் இதையும் மோட்டார் பம்பு வாங்குவதைப் போன்ற ஒரு கொள்முதலாகவே பாவித்து, மூன்று இடத்தில் கொட்டேஷன் வாங்கி, விலை பேசி, அட்வான்ஸ் கொடுத்து, தேதியும் குறித்துக்கொண்டு, அந்தத் தேதியன்று பொருள் வாசலில் வந்து இறங்கிவிடும் என்று காத்திருக்கிறார்கள். வராதபோது, அல்லது வந்தது தாம் நினைத்ததாக இல்லாதபோது, ஏமாற்றப்பட்டோம் என்று மனம் நோகிறார்கள். சில சமயம் உண்மையிலேயே ஏமாற்றமும் நடக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பெரும்பாலான சந்தர்ப்பங்களில் நடப்பது வேறு: அடுப்பு எரிந்துகொண்டிருக்கிறது, சமையற்காரர்கள் நிற்கிறார்கள், உக்கிராணத்துச் சாவி யாரிடம் இருக்கிறது என்பது ஒருவருக்கும் தெரியவில்லை. மென்பொருளை எழுதுகிற வேலையைப் பிறரிடம் ஒப்படைக்கலாம். எது வேண்டும், எது வேண்டாம் என்று தீர்மானிக்கிற வேலையை எந்த விலை கொடுத்தும் ஒப்படைக்க முடியாது.

இந்த உண்மையை மிகுந்த பொருட்செலவில் கற்றுக்கொண்ட ஒரு ஸ்தாபனம் அமெரிக்காவில் உண்டு. அந்நாட்டின் மத்தியப் புலனாய்வு அமைப்பாகிய எஃப்.பி.ஐ., தன்னுடைய வழக்குக் கோப்புகளைக் கணினியிலேயே நடத்தவேண்டும் என்று எண்ணி, 2001 ஜூன் மாதத்தில் எஸ்.ஏ.ஐ.சி. என்ற பெரிய நிறுவனத்திடம் அந்தப் பணியை ஒப்படைத்தது. மூன்று மாதத்துக்குள் செப்டம்பர் 11 தாக்குதல் நிகழ்ந்தது. நாடே கலங்கி நின்ற அந்த வேளையில் திட்டத்தின் நோக்கமும் விரிந்தது, அவசரமும் பெருகியது. 'வர்ச்சுவல் கேஸ் ஃபைல்' என்று பெயர் சூட்டப்பட்ட அந்த மென்பொருளுக்கு என்னென்ன தேவை என்று எழுதிய ஆவணம் 800 பக்கங்களைத் தாண்டியது. எந்தக் காரியம் நடக்கவேண்டும் என்று சொல்வதோடு நில்லாமல், திரையில் எது எங்கே அமையவேண்டும் என்பதுவரை அதில் எழுதி வைத்தார்கள். எழுதி முடித்த பிறகும் மாற்றங்கள் வந்துகொண்டேயிருந்தன. 2003 டிசம்பரில், சுமார் 7 லட்சம் வரிகள் கொண்ட நிரலை நிறுவனம் கொண்டுவந்து வைத்தபோது, எஃப்.பி.ஐ. அதை ஏற்க மறுத்தது. தகராறு நடுவரிடம் போயிற்று. சர்ச்சைக்குரிய 59 குறைகளை ஆராய்ந்த நடுவர், 40 குறைகள் நிறுவனத்தின் பிழையால் நேர்ந்தவை என்றும், மீதி 19 குறைகள் எஃப்.பி.ஐ. தன் தேவைகளை மாற்றிக்கொண்டதால் விளைந்தவை என்றும் 2004-இல் தீர்ப்புக் கூறினார். மறு வருஷமே, சுமார் 17 கோடி டாலர் செலவாகியிருந்த அந்த முயற்சி கைவிடப்பட்டது; அதில் 10 கோடி டாலருக்கு மேல் எவ்விதப் பிரயோஜனமும் இன்றிப் போனது.

நாற்பதுக்குப் பத்தொன்பது என்ற கணக்கைப் பார்த்து, குற்றம் பெரும்பாலும் நிறுவனத்தைச் சேர்ந்ததுதானே என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் அமெரிக்க நீதித் துறையின் தலைமைத் தணிக்கை அதிகாரி அளித்த அறிக்கையில் கண்ட ஒரு விவரத்தை இத்துடன் சேர்த்துப் பார்க்கவேண்டும். அந்தப் பெருந்திட்டம் நடந்த சில ஆண்டுகளுக்குள், எஃப்.பி.ஐ.யின் தரப்பில் அதை மேற்பார்த்தவர்கள், தலைமைத் தகவல் அதிகாரிகளாக ஐவரும் திட்ட மேலாளர்களாகப் பதின்மருமாக மொத்தம் 15 பேர்! சாவி பதினைந்து கைகளில் மாறிய உக்கிராணம் அது. ஒருவர் சொன்னதை மற்றவர் அறியார். முன்னவர் ஒப்புக்கொண்டதைப் பின்னவர் தள்ளுவார். அத்தகைய இடத்தில் எவ்வளவு திறமைசாலியான சமையற்காரரும் எந்த உப்பை எவ்வளவு போடுவது என்று திகைத்துத்தான் நிற்பார்.

2013 அக்டோபர் 1-ஆம் தேதி, அமெரிக்க அரசாங்கம் மருத்துவக் காப்பீட்டுக்காகத் திறந்துவைத்த 'ஹெல்த்கேர்.கவ்' என்ற இணையதளத்திலும் இதே நோய்தான் வேறு உருவத்தில் தோன்றியது. பல நிறுவனங்கள் பகுதி பகுதியாகச் செய்த வேலையை ஒன்றாகக் கோத்து, முழுமையாகச் சோதித்து, "திறக்கலாம்" அல்லது "திறக்கக் கூடாது" என்று சொல்லவேண்டிய அதிகாரம் யாருக்கு என்பது தெளிவாக இருக்கவில்லை. முதல் நாளில் காப்பீட்டுக்குப் பதிவு செய்து முடிக்க முடிந்தவர்கள் ஆறே பேர். தெளிவான தலைமை இல்லாமையே முக்கியக் காரணம் என்று பிற்பாடு நடந்த அரசாங்க ஆய்வும் கூறியது.

இவையெல்லாம் சாம்ராஜ்யங்களின் கதை. நம்முடைய சிறு காரியத்துக்கு இது பொருந்துமா என்று வாசகர் ஐயுறலாம். பொருந்தும் என்பதை நான் என் அனுபவத்தினாலேயே அறிவேன். நான் நிர்வாகக் குழுவில் இருந்த ஒரு வாடகை நூலகத்துக்குச் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மென்பொருள் செய்வித்தோம். செய்துதர வந்த இளைஞர்கள் சிரத்தையுள்ளவர்கள். "எங்கள் பேரேட்டில் உள்ளபடியே கணினியில் வந்துவிட்டால் போதும்" என்று அவர்களிடம் சொல்லிவிட்டு, நாங்கள் எங்கள் ஜோலியைப் பார்க்கப் போய்விட்டோம். மூன்று மாதம் கழித்து அவர்கள் கொண்டுவந்தது பேரேட்டின் அச்சாகவே இருந்தது. ஆனால் முதல் வாரத்திலேயே, கோடை விடுமுறையில் ஊருக்குப் போயிருந்த ஆசிரியைகளுக்கெல்லாம் தாமதக் கட்டணம் விதித்து அது செய்தி அனுப்பிவிட்டது. விடுமுறையில் ஆசிரியர்களிடம் கட்டணம் வாங்குவதில்லை என்ற வழக்கம் முப்பது ஆண்டுகளாக எங்களிடம் உண்டு. அது எந்தப் பேரேட்டிலும் இல்லை, எங்கள் குமாஸ்தாவின் மனத்தில் இருந்தது. அவரை அந்த இளைஞர்களோடு ஒரு நாளேனும் உட்காரவைக்க எங்களுக்குத் தோன்றவில்லை. பிழை எங்களுடையது.

ஒவ்வொரு ஸ்தாபனத்திலும் இப்படி எழுதப்படாத சட்டங்கள் மலிந்து கிடக்கின்றன. எழுதப்படாமைக்குக் காரணம் அவற்றின் அற்பத்தனம் அன்று. எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்ற எண்ணம்தான். ஒரு பள்ளிக்கூடத்துக்கு மென்பொருள் எழுதுகிறவர், ஒவ்வொரு மாணவரையும் தந்தையின் தொலைபேசி எண்ணைக் கொண்டு அடையாளம் காணலாம் என்று எண்ணுவது மிக இயல்பு. ஆனால் ஒரே வீட்டிலிருந்து அண்ணனும் தங்கையும் அதே பள்ளியில் படிப்பார்கள். இருவருக்கும் எண் ஒன்றே. இதை முதல் வாரத்தில் ஒருவர் சொல்லிவிட்டால் ஐந்து நிமிஷத்தில் தீர்ந்துபோகும் விஷயம். சொல்லாமல் விட்டால், அந்த ஊகத்தின்மேல் கட்டணக் கணக்கும், வருகைப் பதிவும், மதிப்பெண் பட்டியலும் அடுக்கடுக்காக எழும்பிவிட, ஆறு மாதம் கழித்து அடித்தளத்தையே பெயர்க்கவேண்டி வரும். மென்பொருளில் பிற்காலத்து மாற்றங்களுக்கு ஏன் இவ்வளவு செலவாகிறது என்று வியப்பவர்கள் இந்த இடத்தைக் கவனிக்கவேண்டும். நிரல் எழுதுகிறவர் கேள்விக்கு விடை வராவிட்டால் கை கட்டிக்கொண்டு காத்திருப்பதில்லை. காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் அவருடைய நிறுவனத்துக்கு நஷ்டம். ஆகவே தமக்குத் தோன்றிய விடையை வைத்துக்கொண்டு மேலே செல்லுவார். நாம் பதில் சொல்லாத ஒவ்வொரு கேள்விக்கும் நமக்காக வேறொருவர் பதில் சொல்லிவிடுகிறார் என்பதே அதன் பொருள்.

ஆகவே, கம்பெனியிடம் முதன்முதலில் பேசப் போகும்போது, "இந்த இடத்தில் ஒரு பொத்தான் வேண்டும், அந்த இடத்தில் ஒரு பட்டியல் வேண்டும்" என்று தொடங்குவதைவிட, நம்முடைய சங்கடம் இன்னது என்று சொல்லித் தொடங்குவதே உத்தமம். வைத்தியரிடம் போய் மருந்தின் பெயரைச் சொல்லிக் கேட்கிறவன் தன் நோயை மறைக்கிறான். "மாதக் கடைசியில் பாக்கிக் கணக்குத் தீர்க்க இரண்டு பேர் நான்கு நாள் உட்காருகிறார்கள், அது அரை நாளில் முடியவேண்டும்" என்று சொன்னால், கேட்பவரின் அனுபவமும் புத்தியும் நமக்காக வேலை செய்யத் தொடங்கும். ஒருவேளை நாம் நினைத்ததைவிட எளிய வழி அவருக்குத் தோன்றலாம். புதிதாக ஒன்றும் எழுதவேண்டியதில்லை, கடையில் கிடைக்கும் ஒரு மென்பொருளே போதும் என்றுகூட அவர் சொல்லலாம். அப்படிச் சொல்லுகிறவரை மனத்தில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்; தமக்கு வரவேண்டிய பணத்தை விட்டுக்கொடுத்து உண்மை பேசுகிறவர் கிடைப்பது அரிது.

விலை பேசும் முறையைப் பற்றியும் சிறிது சொல்லவேண்டும். மொத்தமாக இவ்வளவு என்று பேசிக்கொள்வது ஒரு முறை. செலவாகும் மனித நாட்களைக் கணக்கிட்டுக் கொடுப்பது மற்றொரு முறை. முதலாவதில் பணத்துக்கு வரம்பு உண்டு, ஆனால் ஒவ்வொரு சிறு மாற்றமும் வழக்காகும். இரண்டாவதில் மாற்றத்துக்கு இடமுண்டு, ஆனால் கண்காணிப்பு இல்லாவிட்டால் பணம் நீராய் ஓடும். எந்த முறையானாலும் நம்மைக் காப்பது ஒன்றுதான்: வேலையைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, உண்மையிலேயே இயங்குகிற ஒன்றைக் கண்ணால் பார்த்து, கையால் தொட்டு உபயோகித்து, அபிப்பிராயம் சொல்லி, அதற்குரிய பணத்தைக் கொடுப்பது. "எண்பது சதவீதம் முடிந்துவிட்டது" என்ற வாக்கியத்துக்கு மென்பொருளில் அர்த்தமில்லை. ஒரு பில்லையாவது போட்டுக் காட்ட முடிந்தால் அதற்கு அர்த்தமுண்டு.

இது ஏதோ இன்றைய நாகரிகம் என்று நினைக்கவேண்டியதில்லை. தேவை, வடிவமைப்பு, நிரல், சோதனை என்று ஒன்றன்பின் ஒன்றாகப் படியிறங்கும் முறையை 1970-இல் ஒரு கட்டுரையில் வரைந்து காட்டிய வின்ஸ்டன் ராய்ஸ் என்ற பொறியியலாளரே, அப்படி ஒரே மூச்சில் இறங்குவது ஆபத்தானது என்றும், வாடிக்கையாளரைத் தொடக்கத்திலிருந்தே காரியத்தில் ஈடுபடுத்தவேண்டும் என்றும் அதே கட்டுரையில் எச்சரித்திருந்தார். உலகம் அவருடைய படத்தை எடுத்துக்கொண்டு எச்சரிக்கையை விட்டுவிட்டது. 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துப் பனிமலை விடுதி ஒன்றில் கூடிய 17 மென்பொருள் வல்லுநர்கள் வெளியிட்ட 'அஜைல்' பிரகடனம், ஒப்பந்தத்தின் வாசகங்களில் வாதாடுவதைக் காட்டிலும் வாடிக்கையாளரோடு கூடி உழைப்பதே மேலானது என்ற கருத்தை மீண்டும் நடுவில் நிறுத்தியது. ஒப்பந்தம் வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை. ஒப்பந்தம் ஒருபோதும் உரையாடலின் இடத்தை நிரப்பாது என்றார்கள்.

வேலை தாமதமாகும் சமயத்தில்தான் வாடிக்கையாளரின் பொறுமை சோதிக்கப்படுகிறது. "இன்னும் நாலு பேரைப் போடுங்கள், கூடுதல் பணம் தருகிறேன்" என்று சொல்லத் தோன்றும். வயலில் களை எடுப்பதற்கு அது பொருந்தும்; இதற்குப் பொருந்தாது. ஐ.பி.எம். நிறுவனத்தில் மிகப் பெரிய மென்பொருள் ஒன்றின் ஆக்கத்தை மேற்பார்த்த ஃபிரெட் புரூக்ஸ், தாமதமான மென்பொருள் வேலையில் புதிதாக ஆட்களைச் சேர்த்தால் அது மேலும் தாமதமாகும் என்று 1975-இல் வெளியிட்ட தம் நூலில் எழுதினார். காரணம் எளிது: புதியவர்களுக்குக் கற்றுக்கொடுக்கப் பழையவர்கள் தங்கள் வேலையை நிறுத்தவேண்டும், மேலும் ஐந்து பேர் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ள 10 தொடர்புகள் போதும், பத்துப் பேரானால் 45 தொடர்புகள் வேண்டும். தாமதத்தைக் கண்டால் செய்யத்தக்கது, வேண்டியவற்றின் பட்டியலைக் கையில் எடுத்து, முதல் நாளே இன்றியமையாதவை எவை, ஆறு மாதம் பொறுக்கக்கூடியவை எவை என்று பிரிப்பது. அதைச் செய்யும் அதிகாரமும் நம்மிடம்தான் இருக்கிறது.

இனி, பலர் அறியாமல் நஷ்டப்படுகிற ஒரு விஷயம். பணம் கொடுத்துச் செய்வித்த மென்பொருள் இயல்பாகவே நமக்குச் சொந்தம் என்று எண்ணுகிறோம். இந்தியாவின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. கணினி நிரல் அச்சட்டத்தின்படி ஓர் இலக்கியப் படைப்பு. சம்பளத்துக்கு வேலை பார்க்கும் ஊழியர் எழுதினால், வேறு ஏற்பாடு இல்லாதவரை உரிமை முதலாளியைச் சேரும். வெளி நிறுவனத்திடம் செய்வித்தால், எழுத்து மூலம் மாற்றித்தராத வரையில் உரிமை அந்த நிறுவனத்திடமே தங்கும். மாற்றித்தரும் பத்திரத்திலும் கவனம் வேண்டும்: காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுகளுக்கு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் கொள்ளும். ஆகவே முதல் தவணை கொடுப்பதற்கு முன்பே இவற்றை எழுதிக்கொள்வது நலம். அதுபோலவே இணையதளத்தின் டொமைன் பெயர், சர்வர் கணக்கு, ஆப் வெளியிடும் கணக்கு ஆகியவை நம் பெயரிலேயே இருக்கவேண்டும்; நிரலின் பிரதி வாரந்தோறும் நம் வசம் வந்துசேரவேண்டும். இது அவநம்பிக்கை ஆகாது. வீட்டுப் பத்திரத்தை வீட்டுக்காரர் வைத்திருப்பதைக் கொத்தனார் குறையாக நினைப்பதில்லை. வாடிக்கையாளர்களின் சொந்த விவரங்களை வைத்திருப்போர் மற்றொன்றையும் அறியவேண்டும்: 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், அந்த விவரங்களைக் கையாளும் வேலையை வேறொரு நிறுவனத்துக்குக் கொடுத்திருந்தாலும், பொறுப்பை நம் தலையிலேயே வைக்கிறது.

ஒப்படைத்த அன்றோடு உறவு முடிந்துவிடுவதில்லை. கைப்பேசிகளின் இயங்குதளம் ஆண்டுதோறும் புதிதாகிறது. வரி விதிகள் மாறுகின்றன. பாதுகாப்பில் புதிய ஓட்டைகள் தெரியவருகின்றன. பராமரிப்புக்குப் பணம் ஒதுக்காமல் மென்பொருள் செய்விப்பது, தீவனத்துக்கு வழி பார்க்காமல் பசு வாங்குவதைப் போன்றது. நல்ல நிறுவனத்தோடு பல ஆண்டு பழகினால், நம் தொழிலின் எழுதப்படாத சட்டங்கள் அவர்களுக்கும் மெல்ல மெல்லப் பழகிவிடும். அந்தப் பழக்கத்துக்கு எந்தக் கொட்டேஷனிலும் விலை போட்டிருப்பதில்லை. சொன்ன தேதியில் பணம் கொடுப்பதும், குறையைச் சொல்லும்போது மரியாதையோடும் விவரத்தோடும் சொல்லுவதும், நன்றாக அமைந்ததை நன்றாயிருக்கிறது என்று வாய் திறந்து பாராட்டுவதும் அந்த உறவுக்கு உரமாகும். "வேலை செய்யவில்லை" என்ற ஒற்றை வரியைவிட, "நேற்று மாலை ஆறு மணிக்கு, இந்த எண்ணுள்ள பில்லை ரத்து செய்தபோது இப்படி ஒரு செய்தி வந்தது" என்று எழுதி ஒரு படத்தையும் சேர்த்தனுப்புகிறவருக்கு வேலை சீக்கிரம் நடக்கிறது. அவருடைய பெயரைக் கண்டாலே அந்த அலுவலகத்தில் முகங்கள் மலர்கின்றன.

எஃப்.பி.ஐ.யின் கதைக்கு ஒரு பின்பகுதி உண்டு. 2006-இல் அது 'சென்டினல்' என்ற புதிய திட்டத்தை வேறொரு பெரிய நிறுவனத்திடம் கொடுத்தது. நான்கு கட்டங்களில் இரண்டே முடிந்திருந்தபோது, ஒதுக்கிய 45.1 கோடி டாலரில் 40.5 கோடி தீர்ந்துபோயிற்று. 2010-இல் அந்த ஸ்தாபனம் ஒரு தீர்மானத்துக்கு வந்தது: வேலையின் நேரடிப் பொறுப்பைத் தானே ஏற்றது, ஆட்களைக் கூட்டாமல் குறைத்தது, வெளியாட்களில் சிலரை வைத்துக்கொண்டாலும், எதை முதலில் செய்வது என்ற முடிவைத் தன் கையில் வைத்துக்கொண்டு, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை செய்ததைப் பார்த்துப் பார்த்து முன்னேறியது. 2012 ஜூலையில் அதன் அதிகாரிகள் அந்த மென்பொருளில் வழக்குகளை நடத்தத் தொடங்கினார்கள். பதினோரு ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய காரியம், சாவியை ஒரே இடத்தில் வைத்துக்கொண்ட பிறகுதான் நிறைவேறியது.

ஆகவே மென்பொருள் செய்விக்க விரும்புகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது, கம்பெனிகளின் பட்டியலைத் திரட்டுவதற்கு முன்னால், உங்கள் ஸ்தாபனத்துக்குள்ளேயே ஒருவரைத் தேடுங்கள் என்பதே. வேலையின் நுணுக்கம் அறிந்தவராகவும், "வேண்டாம்" என்று சொல்லும் தைரியம் உள்ளவராகவும், மற்றவர்கள் மதிக்கிறவராகவும் அவர் இருக்கவேண்டும். அவருடைய மற்ற அலுவல்களில் பாதியை எடுத்து வேறொருவரிடம் கொடுங்கள். அவர் சொன்னதை உங்கள் மேஜையிலிருந்து மாற்றிச் சொல்லமாட்டீர்கள் என்று அவருக்கு வாக்குக் கொடுங்கள். எங்கள் நூலகத்தில் இரண்டாம் முறை அந்த இளைஞர்களை அழைத்தபோது, எங்கள் குமாஸ்தாவுக்கு அவர்களுக்கு நடுவில் ஒரு நாற்காலி போட்டோம். மூன்று வாரம் தினமும் ஒரு மணி நேரம் அவர் அதில் உட்கார்ந்து, முப்பது வருஷமாகத் தம் மனத்துக்குள்ளேயே வைத்திருந்த ஒவ்வொரு வழக்கத்தையும் அவர்களுக்கு எடுத்துச் சொன்னார். அடுத்த கோடை விடுமுறையில் ஆசிரியைகள் ஒருவருக்கும் கட்டணச் செய்தி போகவில்லை.